இடத்தைத் தின்றது யார்?

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதற்கு முந்தைய வாரங்களில் ஊரில் உள்ள டிசைன் அறைகளுக்கு இரவும் கிடையாது, ஞாயிறும் கிடையாது. எனக்குப் போன் ஓயாத காலமும் அதுதான். கம்ப்யூட்டர் சர்வீஸ் என் பிழைப்பு. 90களின் நடுவிலிருந்து இதே ஊர், இதே அச்சகங்கள். அந்தச் சீசனில் வரும் புகார்களில் பாதி ஒரே ரகம்: டிஸ்க் ஃபுல், ஃபைல் சேவ் ஆகவில்லை, பிரிண்ட் போகவில்லை. புகாரோடு ஒரு குற்றச்சாட்டும் ஒட்டிக்கொண்டே வரும்.

"எவனோ பாட்டு ஏத்தி வச்சிருக்கான் தம்பி. வந்து யாருன்னு பாரு."

"பார்த்துரலாம் அண்ணாச்சி."

பார்த்தால் பாட்டு இருக்கத்தான் செய்யும். விடிய விடிய வேலை பார்க்கிற பையன் இளையராஜா இல்லாமல் எப்படி உட்காருவான்? ஆனால் ஒரு எம்பி3 பாட்டு 4 அல்லது 5 எம்பி. ஏ3 அளவில், 300 டிபிஐ-யில், நான்கு நிறத்தில் ஒரு படம் ஏறத்தாழ 70 எம்பி. 3,508-ஐ 4,961-ஆல் பெருக்கி, வருகிற புள்ளி ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு முருகன் படம் பதினைந்து பாட்டுக்குச் சமம். அதுவும் லேயர் எதுவும் போடாத முருகன். மயிலுக்கு ஒரு லேயர், வேலுக்கு ஒரு லேயர், பின்னால் ஒளிவட்டத்துக்கு இரண்டு என்று ஆரம்பித்தால் பையனின் மொத்தப் பாட்டையும் விழுங்கிவிடுவார்.

முதலாளிமார் ஆளைத் தேடுகிறார்களே, பொருளைத் தேட மாட்டேன் என்கிறார்களே என்று எனக்கு வெகுநாள் எரிச்சல் உண்டு. நான் பயன்படுத்துகிற கருவிகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகு அந்த எரிச்சல் கொஞ்சம் தணிந்தது. டிஸ்க்கில் இடத்தை அளக்கும் கருவிகள் பிறந்ததே, இடத்தைத் தின்றது யார் என்று பார்க்கத்தான். 'எது' என்ற கேள்வி பின்னால் வந்தது.

1956-ல் ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்ற இயந்திரத்தோடு உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தது. 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் 50. மொத்தம் 50 லட்சம் எழுத்துகள் பிடிக்கும். எடை ஒரு டன்னுக்கும் மேல். அடுத்து வந்த பெரிய கணினிகளில் இடம் தீர்ந்தால் குழப்பம் குறைவு. ஏனென்றால் அங்கே இடம் என்பது முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்கும் பொருள். 60களின் ஐபிஎம் 360 கணினிகளில் ஒரு வேலையைக் கொடுக்கும் ஆள், இந்த ஃபைலுக்கு இத்தனை டிராக் வேண்டும், போதாவிட்டால் இத்தனை கூடுதல் என்று அட்டையிலேயே துளையிட்டுச் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் வேலை பாதியில் நின்றுவிடும். யாருக்கு எவ்வளவு என்பது தாளிலேயே இருந்தது.

இந்தக் கட்டுப்பாட்டைக் கைவிட்டவர்களில் பெல் ஆய்வகத்தின் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உண்டு. அவர்களுடைய யுனிக்ஸ் இயங்குதளத்தில் ஃபைலுக்கு முன்பதிவு கிடையாது. எழுத எழுத அது தானாக வளரும். எழுதுகிறவருக்கு மகா சுகம். ஆனால் யாரும் கேட்காமலே டிஸ்க் நிறையும் என்ற நிலைமையும் கூடவே வந்தது.

யுனிக்ஸின் அந்தக் காலத்தை ரிட்சி பிற்பாடு விரிவாக எழுதிவைத்திருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு அது ஒரு அச்சகத்து டிசைன் அறையின் கதை போலவே பட்டது. பிடிபி-11 என்ற கணினியை வாங்கித் தர நிர்வாகத்தைச் சம்மதிக்க வைக்க, ஆவணம் தட்டச்சு செய்யவும் வடிவமைக்கவும் ஒரு வசதி செய்து தருகிறோம் என்று இவர்கள் சொன்னார்கள். சொன்னபடி 1971-ன் பின்பாதியில் காப்புரிமைப் பிரிவிலிருந்து மூன்று டைப்பிஸ்ட்கள் அதில் உட்கார்ந்து நாள் முழுக்க விண்ணப்பங்களை அடித்துக்கொண்டிருந்தார்கள். அதே இயந்திரத்தில் தாம்சனும் ரிட்சியும் தங்கள் நிரல்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். அதன் நினைவகம் 24 கேபி. டிஸ்க் 512 கேபி. அரை எம்பி! ஒரு ஃபைல் 64 கேபி-யைத் தாண்டக் கூடாது. டைப்பிஸ்ட்களின் விண்ணப்பங்கள், இவர்கள் இருவரின் நிரல்கள், இயங்குதளம் எல்லாம் அந்த அரை எம்பிக்குள் குடியிருந்தன. இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'காலை வணக்கம்' படம் அதில் பாதியைப் பிடித்துக்கொள்ளும்.

யுனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. அதிலேயே இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. ஒன்று டிஎஃப். டிஸ்க்கில் எவ்வளவு காலி என்று சொல்லும். மற்றது டியூ. எந்த ஃபோல்டருக்குள் எவ்வளவு அடைந்திருக்கிறது என்று உள்ளே உள்ளே புகுந்து கூட்டிச் சொல்லும். ஆளுக்கு ஒரு ஃபோல்டர் என்பதால் டியூ சொல்லும் கணக்கு ஆள்வாரிக் கணக்குதான். 55 வருடம் நெருங்குகிறது. இன்றும் லினக்ஸ் சர்வரிலும் மேக்கிலும் இந்த இரண்டும் அதே பெயரில் ஓடுகின்றன. கம்ப்யூட்டர் உலகில் இத்தனை வருடம் பெயர் மாறாமல் பிழைத்த சாமான்கள் மிகக் குறைவு.

டியூவின் தொடக்ககாலக் கையேட்டில் போகிறபோக்கில் ஒரு வரி உண்டு: ஒரே ஃபைலுக்கு இரண்டு இடத்தில் பெயர் இருந்தாலும் ஒரு முறைதான் எண்ணப்படும் என்று. சின்ன விஷயம்தான். இதை மறந்ததால் பின்னால் பல பேர் குழம்பினார்கள். அந்த இடத்துக்கு வரும்போது சொல்கிறேன்.

யுனிக்ஸ் பல்கலைக்கழகங்களுக்குப் போனதும் பங்காளிச் சண்டை பெரிதானது. ஒரு டிஸ்க்கில் நூற்றுக்கணக்கான மாணவர்கள். யார் தின்றது என்று தினமும் டியூ போட்டுப் பார்த்து, பெயரைச் சுவரில் ஒட்டி, கெஞ்சி அழிக்கச் சொல்வதெல்லாம் எத்தனை நாளைக்கு? ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் எல்ஸ் எழுதிய டிஸ்க் கோட்டா, 1983-ல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி யுனிக்ஸில் சேர்ந்தது. ஆளுக்கு இரண்டு வரம்பு. முதலாவதைத் தாண்டினால் முதலில் எச்சரிக்கை வரும். இரண்டாவதைத் தொட்டால் அதற்கு மேல் ஒரு பைட்டும் எழுத முடியாது. நம் ரேஷன் கார்டு முறைதான். அதே பிஎஸ்டியின் ஃபைல் சிஸ்டம் டிஸ்க்கில் 10 சதவீதத்தைச் சாதாரணப் பயனர் யாருக்கும் தராமல் ஒதுக்கி வைத்தது. நிரம்பி வழியும் டிஸ்க்கில் ஃபைல்கள் துண்டு துண்டாகி வேகம் படுத்துவிடும் என்பது காரணம். லினக்ஸிலும் இந்த வழக்கம் 5 சதவீதமாகத் தொடர்கிறது. கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கிறதே என்று யாராவது கேட்டால் முதலில் இந்த ஒதுக்கீட்டைத்தான் பார்க்கச் சொல்வேன்.

இந்தப் பக்கம் தனியாள் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. 1983-ல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு வந்தது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைக்கும் வசதியும் அப்போதுதான் டாஸ் 2.0-ல் வந்தது. ஒரு மேசை, ஒரு டிஸ்க், ஒரு ஆள். 'யார்' என்ற கேள்விக்கே இடமில்லை. 'எது' என்று கேட்கத்தான் வழி. ஆனால் டாஸ் அதற்குப் பதில் சொல்லத் தயாராக இல்லை. டிஐஆர் என்று அடித்தால் அந்த ஒரு ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களின் அளவு வரும், கடைசி வரியில் மீதி எத்தனை பைட் என்று வரும். உள் ஃபோல்டருக்குள் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொன்றாக உள்ளே போய், அளவைத் தாளில் எழுதி, கால்குலேட்டரில் கூட்ட வேண்டும். டிஐஆர்-உடன் எஸ் சேர்த்தால் உள்ளே இருப்பதையும் காட்டும் வசதி 1991-ல் டாஸ் 5.0-ல்தான் வந்தது. யுனிக்ஸ் 1971-ல் செய்ததை டாஸ் செய்ய இருபது வருடம் ஆயிற்று. நடுவில் அந்த ஓட்டையை அடைத்துக் காசு பார்த்தவர்கள் வெளியார். பீட்டர் நார்ட்டனின் யுடிலிட்டீஸ், 1985-ல் வந்த எக்ஸ்ட்ரீ. எக்ஸ்ட்ரீயில் டிஸ்க் முழுவதும் கிளை கிளையாகத் திரையில் விரியும். அதை ஓட்டிப் பழகிய கைகளை எங்கள் தொழிலில் இன்றும் கண்டுபிடித்துவிடலாம். மௌஸைத் தொடவே மாட்டார்கள்.

நான் தொழிலுக்கு வந்தபோது இங்கே விண்டோஸ் 95. கூடவே டாஸ் 6.22 கருவிகளும் பல மேசைகளில் மிச்சமிருந்தன. அதில் டிரைவ்ஸ்பேஸ் என்று ஒரு வித்தை. ஃபைல்களைச் சுருக்கி வைத்து டிஸ்க்கை இரண்டு மடங்காகக் காட்டும். 1993-ல் டாஸ் 6.0-ல் டபுள்ஸ்பேஸ் என்ற பெயரில் வந்தது. ஸ்டாக் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் காப்புரிமை மீறல் என்று வழக்குப் போட்டு, 1994-ல் நடுவர் குழு மைக்ரோசாஃப்ட்டுக்கு 12 கோடி டாலர் தண்டம் விதித்த பிறகு உள்ளே மாற்றி எழுதப்பட்டு, பெயரும் மாறியது. அதில் காட்டும் 'மீதி இடம்' வெறும் ஊகம். இனி வரப்போகும் ஃபைல்களும் பாதியாகச் சுருங்கும் என்று நம்பிப் போட்ட கணக்கு. ஸ்கேன் செய்த ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை. அவை மேற்கொண்டு சுருங்காது. 100 எம்பி காலி என்று காட்டிய டிஸ்க் 50 எம்பி படத்திலேயே நிறைந்து நிற்கும். படவேலை நடக்கும் மேசைகளில் அந்த வித்தையை நான் கண்டதும் கழற்றிவிடுவேன்.

விண்டோஸ் 95-ன் இன்னொரு கோளாறு எங்கள் ஊர்ப் பழக்கத்தையே மாற்றியது. ஃபேட்16 என்ற பழைய முறையில் ஒரு டிரைவ் 2 ஜிபி-யைத் தாண்ட முடியாது. 4.3 ஜிபி டிஸ்க் வாங்கினால் சி, டி, ஈ என்று வெட்டித்தான் ஆக வேண்டும். ஃபேட்32 வந்து அந்தத் தேவை போன பிறகும் வெட்டும் பழக்கம் போகவில்லை. அசெம்பிள் செய்து கொடுப்பவர் இன்றும் சி-யில் விண்டோஸ், டி-யில் வேலை, ஈ-யில் சொந்தச் சாமான் என்று பிரித்துத்தான் கொடுக்கிறார். சி டிரைவ் மூச்சுமுட்டி நிற்கும், பக்கத்தில் ஈ டிரைவ் காற்றாடும். பாதிப் புகார் இந்தப் பாகப்பிரிவினையால் வருவது.

அந்த 2 ஜிபி டிரைவில் டிஸ்க்கின் மிகச் சிறிய துண்டு 32 கேபி. ஒரு ஃபைல் ஒரே ஒரு கேபி என்றாலும் ஒரு முழுத் துண்டைப் பிடித்துக்கொள்ளும். ஆயிரம் சின்ன ஃபைல்கள் கணக்கில் ஒரு எம்பிதான் வரும், தட்டில் பிடிப்பது 31 எம்பி. கிளிப்-ஆர்ட் சிடிக்களை அப்படியே காப்பி செய்து வைத்திருந்த அச்சகங்களில் இதுதான் கதை. ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து அளவைக் கூட்டிக் காட்டி, "இவ்வளவுதானே தம்பி இருக்கு, மிச்சம் எங்கே?" என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல எனக்கு அரைமணி நேரம் பிடிக்கும். பின்னால் வந்த விண்டோஸ்கள் 'அளவு' என்று ஒன்றும் 'டிஸ்க்கில் அளவு' என்று இன்னொன்றும் இரண்டு வரியாகக் காட்டுவது இதனால்தான்.

இனி டிசைன் அறையின் உண்மையான தின்னிகள். கோரல்டிராவில் ஒரு ஃபைலை சேவ் செய்தால் பழையதை 'பேக்கப் ஆஃப்' என்று முன்னால் போட்டு அதே ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். ஆக எல்லாமே இரட்டைப் பிள்ளைகள். ஃபோட்டோஷாப், ஃபைலின் அளவைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு இடத்தை வேலை நடக்கும்வரை டிஸ்க்கில் பிடித்து வைக்கும். நடுவில் கரண்ட் போனால் அந்தத் தற்காலிக ஃபைல் அழியாமல் அங்கேயே கிடக்கும். மின்வெட்டுக் காலத்தில் யுபிஎஸ் செத்த மேசைகளில் இப்படி அநாதையாகக் கிடந்தவற்றை நான் குப்பை வாருவது போல வாரியிருக்கிறேன்.

பிரிண்டர் வரிசை அதைவிட மோசம். விண்டோஸ் எக்ஸ்பியில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு பக்கத்தில் 'கீப் பிரிண்டட் டாக்குமென்ட்ஸ்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால் அடித்து முடித்த வேலையும் வரிசையில் தங்கும், மறுபடி அடிக்க வசதி. ஒரு அச்சகத்தில் ஏதோ அவசரத்துக்கு யாரோ போட்ட டிக் மாதக்கணக்கில் அப்படியே இருந்தது. சிஸ்டம்32-க்குள் ஸ்பூல் ஃபோல்டரைத் திறந்தால் ஐந்து இலக்க எண்களையே பெயராகக் கொண்ட ஃபைல்கள் வரிசைகட்டி நின்றன. பக்கத்துக்குப் பக்கம் ஸ்க்ரோல் செய்தும் முடியவில்லை. பெயரைப் பார்த்தால் சிஸ்டத்துச் சாமான் போலத் தெரியும். யாரும் பயந்து தொடமாட்டார்கள். ஸ்பூலரை நிறுத்தி, அவற்றை அழித்து, டிக்கை எடுத்துவிட்டேன். சி டிரைவில் பாதி திரும்பி வந்தது. பையனைத் திட்டத் தயாராக நின்ற முதலாளிக்கு முகம் எப்படியோ ஆகிவிட்டது.

இதையெல்லாம் கண்ணால் பார்த்துப் பிடிக்கும் வழி அதற்குள் அமெரிக்காவில் பிறந்துவிட்டிருந்தது. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் என்ற கணினியியல் பேராசிரியர். 1990-ல் அவருடைய ஆய்வகத்தில் 80 எம்பி ஹார்ட் டிஸ்க் ஒன்று, அதைப் பங்குபோட 14 பேர். டிஸ்க் நிறைந்துவிட்டது. எங்கே நிறைந்திருக்கிறது என்று பார்க்க ஃபோல்டர்களை மரம் போலக் கிளை கிளையாக வரைந்து பார்த்தார். கிளைகள் திரைக்கு வெளியே ஓடின. பேராசிரியர்கள் ஓய்வறையில் இதையே நினைத்துக்கொண்டிருந்தபோது வழி தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார். திரை முழுவதையும் டிஸ்க்காக வைத்துக்கொள்வது. மேல்மட்ட ஃபோல்டர்களை அவற்றின் அளவுக்கேற்ப நெடுக்காக வெட்டுவது. ஒவ்வொரு துண்டையும் அதன் உள் ஃபோல்டர்களுக்காகக் குறுக்காக வெட்டுவது. அடுத்த மட்டம் மறுபடி நெடுக்கு. கடைசியில் ஒவ்வொரு ஃபைலும் ஒரு செவ்வகமாக நிற்கும். பெரிய ஃபைல், பெரிய செவ்வகம். எப்போதும் இது சரியாக வரும் என்று தன்னை நம்பவைக்க அவருக்குச் சில நாட்கள் ஆயினவாம். எழுதி முடித்தபோது நிரலின் மையம் ஆறே வரி. மாணவர் பிரையன் ஜான்சன் அதை மெக்கின்டோஷில் ட்ரீவிஸ் என்ற மென்பொருளாக்கினார். அந்தப் பட வகைக்கு ட்ரீமேப் என்று பெயர்.

கவனியுங்கள், இங்கேயும் கேள்வி பிறந்தது 14 பேர் பங்குபோட்ட டிஸ்க்கில்தான். எந்த ஆள் என்று தேடப் போனவருக்குக் கிடைத்த படத்தில் ஆட்கள் பின்னால் போய்விட்டார்கள், ஃபைல்கள் முன்னால் வந்தன. பங்குச்சந்தைச் செய்திகளில் பச்சையும் சிவப்புமாகக் கட்டம் கட்டமாகக் காட்டுகிறார்களே, அந்தப் படமும் இதன் வாரிசுதான். 1998-ல் மார்ட்டின் வாட்டன்பர்க் ஸ்மார்ட்மணி இணையதளத்துக்காகச் செய்த சந்தை வரைபடத்திலிருந்து அது பரவியது.

ஷ்னைடர்மனின் முதல் முறையில் ஒரு குறை. வெட்டி வெட்டிக் கடைசியில் செவ்வகங்கள் குச்சிகுச்சியாக மெலிந்துவிடும். எது பெரியது என்று கண் தடுமாறும். நெதர்லாந்தில் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யார்க் வான் வைக் குழுவினர் இரண்டு மராமத்து செய்தார்கள். 1999-ல் ஒவ்வொரு கட்டத்துக்கும் மெத்தை போல மேடும் நிழலும் கொடுத்தார்கள், எது எதற்குள் இருக்கிறது என்று தெரிந்தது. 2000-ல் கட்டங்களைச் சதுரத்துக்குக் கிட்டத்தட்ட வரும்படி அடுக்கும் முறையைத் தந்தார்கள். அவர்களுடைய செக்வோயாவியூ விண்டோஸில் ஓடியது. அதையும் லினக்ஸுக்காக ஸ்டெஃபான் ஹுண்ட்ஹாமர் எழுதிய கேடிர்ஸ்டாட்டையும் பார்த்து எழுதப்பட்டதுதான் வின்டர்ஸ்டாட்.

வின்டர்ஸ்டாட் என் பென்டிரைவில் குடிவந்த பிறகு முதலாளிகளோடு வாக்குவாதம் குறைந்தது. ஓட்டிவிட்டால் ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு குட்டி மஞ்சள் பேக்மேன் வாயைத் திறந்து மூடி ஓடும். முடிந்ததும் மேலே பட்டியல், கீழே வண்ணக் கட்டங்கள். ஃபைல் ரகத்துக்கு ஒரு நிறம். பாட்டெல்லாம் சேர்ந்து ஓரத்தில் கையளவு ஒரு நிறமாக ஒதுங்கிவிடும். திரையில் முக்கால்வாசியை வேறொரு நிறம் அடைத்திருக்கும். அந்தக் கட்டங்களில் ஒன்றைக் கிளிக் செய்தால் பெயர் தெரியும்: முருகன் நியூ. அடுத்தது முருகன் ஓகே. முருகன் ஃபைனல். முருகன் ஃபைனல் 2. முருகன் நகைக்கடை. முருகன் ஹார்டுவேர்ஸ். எல்லாக் கட்டமும் ஒரே அளவு. பெரிய ஆர்டர் கொடுக்கும் வாடிக்கையாளருக்குப் புரூஃப் காட்ட, படத்தின் அடியில் அவர் கடைப் பெயரைப் போட்டு முழு ஃபைலையும் தனியாக சேவ் செய்திருப்பார்கள். மாறியது அடியில் இரண்டங்குலப் பட்டை. மேலே அதே முருகன், அதே மயில்.

"ஒரே சாமியை இத்தனை வாட்டியா வச்சிருக்கானுக?" என்றார் ஒருவர்.

"படத்தை ஒரு தடவை வச்சிட்டு, பேரை மட்டும் தனி ஃபைலா வச்சா போதும் அண்ணாச்சி."

அன்றைக்கு அவர் கேட்டது 'யார்' என்று இல்லை. எனக்கு அது பெரிய வெற்றி.

அதற்குப் பிறகு வந்த காலம்தான் கொஞ்சம் சங்கடம். ஆளும் குற்றவாளி இல்லை, ஆள் வைத்த ஃபைலும் குற்றவாளி இல்லை, கம்ப்யூட்டரே தின்கிறது. 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்ததும் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டர் எல்லோர் கண்ணிலும் பட்டது. எக்ஸ்ப்ளோரரில் பார்த்தால் பல ஜிபி காட்டும். விண்டோஸின் பாகங்களை வைத்திருக்கும் கிடங்கு அது. அங்கிருக்கும் ஃபைலுக்கே சிஸ்டம்32-லும் இன்னொரு பெயர் இருக்கும். டிஸ்க்கில் சாமான் ஒன்று, பெயர் இரண்டு. எக்ஸ்ப்ளோரர் இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிவிடும். 1971-ன் டியூ செய்யாத தப்பு. பயந்துபோய் அந்த ஃபோல்டரைக் கையால் அழித்து, விண்டோஸே எழாமல் போன மேசைகளுக்கு நான் போயிருக்கிறேன். உண்மையான அளவைச் சொல்லும் கட்டளையை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 8.1-ல்தான் கொடுத்தது.

லினக்ஸ் சர்வரில் வேறு மாதிரி ஒரு மாயம். டிஎஃப் கேட்டால் நூறு சதவீதம் ஃபுல். டியூ போட்டுக் கூட்டினால் பாதிகூட வராது. ஓர் அலுவலகத்தில் இதைப் பார்த்தேன். ஒரு மென்பொருளின் லாக் ஃபைல் பெருத்துவிட்டதென்று அதை யாரோ அழித்திருந்தார்கள். அழித்தது பெயரைத்தான். அந்த மென்பொருள் ஓடிக்கொண்டே, ஃபைலைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டே இருந்தது. யுனிக்ஸில் கடைசியாகத் திறந்து வைத்திருப்பவர் மூடும்வரை இடம் திரும்பாது. டியூ பெயரைத் தேடிப் போகும், அதனால் அதற்கு அது தெரியாது. டிஎஃப் டிஸ்க்கையே கேட்கும், அதனால் தெரியும். பர்டியூ பல்கலைக்கழகத்தின் விக் ஏபெல் எழுதிய எல்எஸ்ஓஎஃப் என்ற கருவியை ஓட்டினால், எந்த நிரல் எந்த ஃபைலைப் பிடித்திருக்கிறது என்று வரிசையாக வரும். அழிந்த ஃபைலின் வரியில் 'டெலீட்டட்' என்று எழுதியிருக்கும். அந்த மென்பொருளை நிறுத்தி மறுபடி ஓட்டினோம். இடம் அந்த நொடியே திரும்பியது.

இப்போது மேக்கில் நிலைமை இன்னும் விசித்திரம். 2017-ல் கம்ப்யூட்டர்களுக்கு வந்த ஏபிஎஃப்எஸ் முறையில், ஒரு டிரைவுக்குள்ளேயே ஃபைலைக் காப்பி செய்தால் கூடுதல் இடம் பிடிக்காது. இரண்டும் ஒரே தரவைப் பகிர்ந்துகொள்ளும், மாற்றிய பகுதிக்கு மட்டும் புது இடம். அப்படியே காப்பி எடுத்த முருகன்களுக்கு முதல்முறையாக விமோசனம். ஆனால் அதே முறையில் டிஸ்க்கின் பழைய நிலையைப் படம்பிடித்து வைக்கும் ஸ்நாப்ஷாட் உண்டு. அது இருக்கும்வரை, நீங்கள் அழித்த ஃபைலின் இடம் திரும்பாது. காப்பி செய்தால் குறையவில்லை, அழித்தால் கூடவில்லை. வாடிக்கையாளர் என்னை ஏமாற்றுக்காரன் என்று நினைக்காமல் இருந்தால் சரி. விண்டோஸும் 2019-லிருந்து, புதிதாக நிறுவும் கம்ப்யூட்டர்களில் தன் அப்டேட்டுக்காகச் சுமார் 7 ஜிபி-யை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்கிறது. 60களின் ஐபிஎம் அட்டையில் எழுதிக் கேட்ட இடம் வேறு உருவில் திரும்பிவிட்டது. இந்த முறை கேட்பது இயங்குதளம். நம்மிடம் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டுவிட்டது.

போன்களில் 'மற்றவை', 'சிஸ்டம் டேட்டா' என்று ஒரு சாம்பல் நிறப் பட்டை காட்டுகிறார்களே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அரை எம்பி டிஸ்க்கில் மூன்று டைப்பிஸ்ட்களை வைத்துக்கொண்டு, எது எங்கே என்று கடைசி 512 பைட் வரை கணக்குச் சொன்னார்கள் 1971-ல். இன்று 256 ஜிபி போனை விற்றுவிட்டு, முப்பது ஜிபி 'மற்றவை' என்று கைவிரிக்கிறார்கள். என்ன மற்றவை? வாங்கியவர் கேட்டால் சொல்ல வேண்டாமா?

வின்டர்ஸ்டாட் 2007-க்குப் பிறகு நெடுங்காலம் புதுப்பிக்கப்படாமல் கிடந்து, இப்போது இரண்டாம் பதிப்பு வந்திருக்கிறது. இலவசம்தான். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு பேவோபாப், கறுப்புத் திரை பழகியவர்களுக்கு என்சிடியூ. புது டிஸ்க்குக்குக் காசு எடுக்கும் முன் இவற்றில் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். பெரிய கட்டம் உங்களுடைய ஃபைல் என்றால், இன்னொரு டிஸ்க்கில் காப்பி இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு அழியுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் கட்டம் என்றால் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கையால் தொட வேண்டாம். டிஸ்க் கிளீனப் என்று விண்டோஸிலேயே ஒன்று இருக்கிறது, அந்த வேலையை அதனிடம் விடுங்கள்.